புத்தம் புதுக் கார்டுக்கு ஏன் 8? கார்டு கிரேடிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேகரிப்புக் கார்டின் நிலையைப் பார்த்து, 10 வரை எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவதுதான் கார்டு கிரேடிங். பி.எஸ்.ஏ., பெக்கெட், சி.ஜி.சி., எஸ்.ஜி.சி. எல்லாம் அதைச் செய்கிற கம்பெனிகள். போகிமான், பேஸ்பால், கூடைப்பந்து, கிரிக்கெட் என்று எந்தக் கார்டானாலும் கிரேடு போடுகிறவர் பார்ப்பது நான்கு விஷயம்: சென்டரிங் (படம் கார்டின் நடுவில் நிற்கிறதா என்பது), மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு. இந்த நான்கையும் வீட்டு மேசையிலேயே பெரும்பாலும் நீங்களே பார்த்துவிடலாம். காசு கட்டி அனுப்பும் முன் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. அந்தக் கண்ணோட்டத்திலேயே பதில்கள் எழுதியிருக்கிறோம்.

பாக்கெட்டைப் பிரித்த கையோடு பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்ட போகிமான் கார்டு. வேறு யார் கையும் படவில்லை. பி.எஸ்.ஏ.வுக்கு அனுப்பினேன், 8 போட்டு வந்திருக்கிறது. இது நியாயமா?
– வாசகர், சிங்கப்பூர்

நியாயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதுக் கார்டு வேறு, குறையில்லாத கார்டு வேறு. கார்டுகளை ஒவ்வொன்றாக அச்சடிப்பதில்லை. பெரிய தாளில் வரிசை வரிசையாக அடித்துவிட்டு, பிறகு வெட்டுகிறார்கள். வெட்டும்போது தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், சென்டரிங் கெட்டது. கத்தி மழுங்கியிருந்தால் ஓரத்தில் பிசிறும், பின்பக்க நீலத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளும் நிற்கும். அச்சு உருளையில் சின்னத் தூசி ஒட்டியிருந்தால் மினுங்கும் ஹோலோ படத்தின் குறுக்கே மயிரிழைக் கோடு ஓடும். பாக்கெட்டில் அடைக்கும் இடத்தில் மூலை தட்டுப்படும். நீங்கள் பாக்கெட்டைக் கையில் வாங்குமுன்பே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

பி.எஸ்.ஏ.வின் அளவுகோலில் 10 என்பது ஜெம் மின்ட், 9 மின்ட், 8 நியர் மின்ட்–மின்ட், 7 நியர் மின்ட். அப்படியே இறங்கி 1 வரை போகும். 2008 முதல் 8.5, 7.5 போன்ற அரைப் புள்ளிகளும் உண்டு, 9.5 மட்டும் அவர்களிடம் கிடையாது. 9 கிரேடில், சின்ன அச்சுக் குறை, பின்பக்கத்தில் மிக லேசான மெழுகுக் கறை, சற்றே மங்கிய வெள்ளை ஓரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுதான் இருக்கலாம். 8 கிரேடில் ஒன்றிரண்டு மூலைகளில் மிக நுண்ணிய பிசிறு இருக்கலாம். உங்கள் கார்டில் இரண்டு சின்னக் குறைகள் சேர்ந்திருந்தாலே 8 வந்துவிடும்.

பி.எஸ்.ஏ. பொதுவாகக் காரணம் எழுதி அனுப்புவதில்லை, நீங்கள்தான் தேட வேண்டும். பாக்கெட்டிலிருந்து நேராக வந்த போகிமான் கார்டு 8இல் நின்றால், முதலில் பின்பக்கத்தின் மேல், கீழ் ஓரங்களைப் பாருங்கள். அடுத்தது முன்பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறதா என்று. சென்டரிங்கை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.

சென்டரிங் 55/45, 60/40 என்கிறார்கள். எதை எதால் வகுப்பது? கண்ணால் பார்த்தால் எல்லாமே நடுவில் இருப்பது மாதிரிதான் தெரிகிறது.
– வாசகர், ஸ்கார்பரோ

கண்ணை நம்பாதீர்கள், அளந்துவிடுங்கள். படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில் இடது ஓரத்தின் அகலத்தையும் வலது ஓரத்தின் அகலத்தையும் கூட்டி, பெரியதை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். இடம் 3 மி.மீ., வலம் 2 மி.மீ. என்றால் கூட்டினால் 5. 3ஐ 5ஆல் வகுத்தால் 60. ஆக 60/40.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கார்டின் மேல் வைக்காதீர்கள். அதன் இரும்பு முனை ஓரத்தை நசுக்கிவிடும். கார்டைப் புது ஸ்லீவில் போட்டு, ஸ்கேனர் கண்ணாடியில் படுக்க வைத்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 23.6 பிக்சல். கணினியில் பெரிதாக்கிப் பிக்சலை எண்ணினால் துல்லியம் கிடைத்துவிடும். போனில் எடுத்த படத்தை வைத்து அளக்காதீர்கள். போன் இம்மி சாய்ந்தாலும் ஒரு பக்க ஓரம் அகலமாகத் தெரியும்.

1999இல் வந்த போகிமான் பேஸ் செட் சாரிசார்டு, 102இல் 4ஆம் எண், கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மஞ்சள் ஓரம். ஸ்கேனில் இடது மஞ்சள் 76 பிக்சல், வலது 61. கூட்டினால் 137, 76ஐ 137ஆல் வகுத்தால் 55.5. அடுத்து மேல் ஓரம் 82, கீழ் 58. கூட்டினால் 140, 82ஐ வகுத்தால் 58.6. இடம்–வலம் கிட்டத்தட்ட சரி, மேல்–கீழ்தான் காலை வாருகிறது. இரண்டில் மோசமானதுதான் கணக்கு. பி.எஸ்.ஏ.வில் 10க்கு முன்பக்கம் 60/40 வரை விட்டுக்கொண்டிருந்தார்கள். 2025இல் அதை 55/45 என்று இறுக்கிவிட்டார்கள். எனவே முன்பு 10க்குத் தகுதியாக இருந்த இந்தக் கார்டு இன்றைக்கு 9தான். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அனுப்புகிறவர்கள் ஏமாறும் இடம் இது. 9க்கு 60/40, 8க்கு 65/35, 7க்கு 70/30. பின்பக்கத்துக்குத் தாராளம் அதிகம்: 10க்கு 75/25, மற்ற மூன்றுக்கும் 90/10. எல்லாவற்றுக்கும் முன்னால் ‘ஏறக்குறைய’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் கிரேடு போடுகிறவருக்குக் கொடுத்த இடம். அதை நம்பி 58ஐ அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, ஓரத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. படம் சற்றுச் சாய்ந்து வெட்டுப்பட்டிருந்தால் இடது ஓரம் மேலே 72 பிக்சல், கீழே 60 என்று வரும். இரண்டு முனைகளிலும் அளந்து, மோசமானதை எடுங்கள். கார்டு முழுக்கப் படம் நிறைந்து ஓரமே இல்லாத வகைகளில் அளக்கக் கோடு இருக்காது. அதே கார்டு இன்னும் இரண்டு கிடைத்தால் பக்கத்தில் வைத்து, பெயரும் எண்ணும் வெளி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒப்பிடலாம்.

மூலையெல்லாம் அருமையாக இருந்து சென்டரிங் மட்டும் மோசம் என்றால், பி.எஸ்.ஏ. 9 போட்டு அதன் பக்கத்தில் ‘ஓ.சி.’ (ஆஃப் சென்டர், நடுவில் இல்லை) என்று ஒரு குறி சேர்க்கும். குறி வேண்டாம் என்று படிவத்தில் கேட்டுக்கொள்ளலாம். அப்போது கிரேடு இறங்கும், பெரும்பாலும் இரண்டு படி. பேனாக் குறி, கறை, ஃபோகஸ் தவறிய அச்சு ஆகியவற்றுக்கும் இப்படித் தனித்தனிக் குறிகள் உண்டு.

மேற்பரப்பில் கீறல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கிரேடு குறைகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது. அறை விளக்கை அணையுங்கள். ஒரே ஒரு எல்.இ.டி. மேசை விளக்கு போதும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு கார்டைத் தொடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், நூல் மூலையில் மாட்டும், பிடியும் வழுக்கும். கீழே ஒரு மைக்ரோஃபைபர் துணி விரித்துக்கொள்ளுங்கள். கார்டு நழுவினாலும் துணியில் விழட்டும்.

கார்டின் இரு பக்க ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து, விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிற மாதிரி சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது கார்டின் மேல் ஒரு வெள்ளை ஒளிப்பட்டை தெரியும். மெல்லச் சாய்த்து அந்தப் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துங்கள். நல்ல பரப்பில் பட்டை வழுக்கிக்கொண்டு போகும். கீறல் இருந்தால் அதற்குள் மெல்லிய கோடாக மின்னும். பள்ளம் இருந்தால் பட்டை அந்த இடத்தில் நெளியும், நேர்கோடு குளத்துத் தண்ணீரில் அலைவது போல. பிறகு கார்டை 90 டிகிரி திருப்பி, மறுபடி ஒரு முறை. ஒரு திசையில் கண்ணுக்குப் படாத கீறல் மறு திசையில் பளிச்சென்று நிற்கும். இரண்டாம் முறையை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

நேராக, ஓரத்துக்கு ஓரம் ஓடினால் அது அச்சுக் கோடு, தொழிற்சாலையில் வந்தது. குட்டையாக, வளைந்து, பல திசைகளில் இருந்தால் கையாண்டதில் வந்த கீறல். கிரேடுக்கு இரண்டும் குறைதான். பள்ளம் அதைவிடப் பெரிய அடி, ஏனென்றால் அதில் அட்டையே அமுங்கியிருக்கிறது. மடிப்பு விழுந்துவிட்டால் பேச்சே வேறு. லேசான மடிப்பு தெரியலாம் என்று பி.எஸ்.ஏ.வின் விளக்கத்தில் முதலில் வருவது 4ஆம் கிரேடில்தான்.

பழைய அமெரிக்க பேஸ்பால் கார்டுகளில் பின்பக்கத்தையும் முகர்ந்து பார்க்காத குறையாகப் பாருங்கள். மெழுகுத்தாள் பாக்கெட்டைச் சூடு வைத்து ஒட்டுவார்கள். அதை ஒட்டியிருந்த கார்டில் மெழுகு ஊறியிருக்கும். பபுள்கம் தொட்டுக்கொண்டிருந்த கார்டில் பழுப்புக் கறை செவ்வகமாகப் பதிந்திருக்கும்.

மூலை, ஓரம் பார்க்க எத்தனை மடங்கு லென்ஸ் வேண்டும்? சில கார்டுகளில் மட்டும் ஓரம் சீக்கிரம் தேய்வது ஏன்?
– வாசகர், மதுரை

நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற 10 மடங்கு லூப் போதும். 30, 60 மடங்கு எடுத்தால் தாளின் நாரெல்லாம் மலை மாதிரி தெரிந்து, நல்ல கார்டையும் ஒதுக்கிவிடுவீர்கள். எட்டு மூலைகளையும் பாருங்கள், முன்னால் நான்கு, பின்னால் நான்கு. கூர்மை, நுனியில் வெள்ளைப் பொட்டு, அடுக்குப் பிரிவு, இந்த மூன்றையும் தேட வேண்டும். பின்னணிக்குக் கறுப்புத் துணி வையுங்கள். வெள்ளை மேசையில் வெள்ளைப் பொட்டு கரைந்துவிடும்.

ஓரம் சீக்கிரம் தேய்வதாகத் தோன்றுவது நிறத்தால். அட்டையின் உள்ளே வெள்ளை, மேலே மை. வெள்ளை ஓரக் கார்டில் மை உதிர்ந்தாலும் அடியிலும் வெள்ளைதானே, தெரியாது. 1971இல் டாப்ஸ் கம்பெனி போட்ட பேஸ்பால் கார்டுகளின் ஓரம் கறுப்பு. தொட்டால் உதிர்கிற மாதிரி இருக்கும், அதனால் அந்த ஆண்டுக் கார்டில் உயர் கிரேடு கிடைப்பது கடினம். 1986இல் ஃப்ளீர் கம்பெனி போட்ட மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்துக் கார்டு, 57ஆம் எண், சிவப்பும் வெள்ளையும் நீலமுமான ஓரம். அதிலும் இதே தொல்லை. போகிமானில் முன்பக்க மஞ்சள் ஓரம் மன்னிக்கும், பின்பக்க நீலம் மன்னிக்காது.

பெக்கெட்டில் ஒரு கார்டுக்கு 9.5, 9.5, 9, 9 என்று நான்கு எண்கள் வந்தன. சராசரி 9.25. ஆனால் மொத்த கிரேடு 9. ஏன் மேலே ஏற்றவில்லை? எந்தக் கம்பெனிக்கு அனுப்புவது நல்லது?
– வாசகர், பெங்களூரு

பெக்கெட் சராசரி போடுவதில்லை. நான்கு துணை கிரேடுகளில் எது குறைவோ அதற்குக் கனம் அதிகம். மூன்று 9.5, ஒரு 9 என்றால் 9.5 கிடைத்துவிடும், இரண்டு 9 ஆனால் 9இல் நின்றுவிடும். துணை கிரேடின் பயன் எங்கே என்றால், குறை எந்த இடத்தில் என்று எழுத்தில் கிடைக்கிறது. முதல் கேள்வி கேட்ட சிங்கப்பூர் வாசகருக்குக் கிடைக்காத தகவல் அதுதான். பெக்கெட்டில் 9.5 ஜெம் மின்ட், 10 பிரிஸ்டைன். நான்கும் 10 வந்தால் கறுப்பு லேபிள். அதற்கு முன்பக்கச் சென்டரிங் 50/50.

ஒரு கம்பெனியின் 10ஐ இன்னொன்றின் 10ஓடு ஒப்பிடும்போது லேபிளில் உள்ள சொல்லையும் படியுங்கள். சி.ஜி.சி.யில் ஜெம் மின்ட் 10, அதற்கும் மேலே பிரிஸ்டைன் 10 என்று இரண்டு 10 உண்டு. எஸ்.ஜி.சி.யின் பழைய உறையில் 88 என்று பார்த்தால் அது 100க்கு 88 மதிப்பெண் அல்ல, 8ஆம் கிரேடு.

எங்கே அனுப்புவது என்பது கார்டைப் பொறுத்தது. புதிய போகிமானுக்கும் கூடைப்பந்துக்கும் பி.எஸ்.ஏ. 10க்குச் சந்தை பெரிது, விற்பது எளிது. பழைய பேஸ்பாலில் எஸ்.ஜி.சி.க்கும் மதிப்பு உண்டு: 2022 ஆகஸ்டில் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போன 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டு இருந்தது எஸ்.ஜி.சி. 9.5 உறையில். விற்கப் போவதில்லை, பத்திரமாக வைத்தால் போதும் என்றால் கட்டணம் எங்கே குறைவோ அங்கே அனுப்புங்கள். கட்டணத்தில் ஒரு விஷயம்: கார்டின் மதிப்பைப் பொறுத்து அடுக்கு மாறும். நீங்கள் குறைத்துச் சொல்லி, கிரேடு ஏறியதும் மதிப்பு மேல் அடுக்குக்குப் போனால் பி.எஸ்.ஏ. மீதிக் கட்டணத்தையும் வசூலித்துவிடும்.

ஹோலோ கார்டெல்லாம் வாழையிலை மாதிரி வளைந்துவிட்டன. புத்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்தலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

வேண்டாம். நிமிர்ந்த மாதிரி தெரியும், வெளியே எடுத்த மறுநாள் பழையபடி வளையும், நடுவில் ஒரு தூசி அகப்பட்டால் பள்ளமும் விழும். ஹோலோ கார்டு இரண்டு குணமுள்ள பொருள்களை ஒட்டியது: முன்னால் ஃபாயில், பின்னால் அட்டை. அட்டை ஈரத்தைக் குடித்து விரியும், ஃபாயில் விரியாது. உங்கள் ஊர்க் காற்றில் பின்பக்கம் விரிந்து கார்டு முன்பக்கமாகக் குழிகிறது. ஏசி அறையில் ரொம்ப நாள் காய்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும்.

ஈரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், ஈரத்தை உறிஞ்சவும் விடவும் செய்கிற 49 சதவீத ஈரப்பதப் பொட்டலம். கார்டை ஸ்லீவோடு தளர்வாக நிறுத்தி வைத்து, மீட்டர் 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கும்படி ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்ச மட்டும்தான் செய்யும்; எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. ஒரு டப்பாவுக்கு நாலு பாக்கெட் போட்டு வைத்தால் கார்டு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் இரண்டையும் கார்டு இருக்கும் அறைக்கே கொண்டுவராதீர்கள்.

விரல் ரேகை, அழுக்கைத் துடைக்கலாமா? ஓரத்துப் பிசிறை மட்டும் நூலளவு வெட்டினால் கண்டுபிடிப்பார்களா?
– வாசகர், சென்னை

உலர்ந்த, புது மைக்ரோஃபைபர் துணியால் விரல் ரேகையை மெதுவாக ஒற்றி எடுக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள். ஈரம், ஸ்பிரிட், பாலிஷ், மெழுகு எதுவும் வேண்டாம். சுத்தம் செய்த அடையாளம் தெரிந்தால் பி.எஸ்.ஏ. கிரேடு போட மறுக்கும்; அதற்கென்றே ஒரு மறுப்புக் குறியீடு வைத்திருக்கிறார்கள். மார்க்கரால் வெள்ளை ஓரத்துக்கு மை தீட்டுவது, மடிப்பை அழுத்தி எடுப்பது, மூலையைக் கட்டியெழுப்புவது எல்லாமே மாற்றம் செய்த கார்டு என்ற கணக்கில்தான் சேரும்.

வெட்டுவது அதைவிடப் பெரிய தவறு. கண்டுபிடிப்பார்கள். வழக்கமான கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5க்கு 88.9 மி.மீ.; போகிமான் 63க்கு 88. அளவு குறைந்தால் உடனே தெரியும். அளவு சரியாக இருந்தாலும், தொழிற்சாலைக் கத்தி வெட்டிய ஓரத்தின் இழையும் பிளேடு வெட்டிய ஓரத்தின் இழையும் லூப்பில் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கம் மட்டும் மற்ற மூன்றைவிடப் புதிதாகப் பளபளக்கும்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம், 1909–11இல் சிகரெட்டோடு வந்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. 1991இல் பி.எஸ்.ஏ. தொடங்கியபோது முதல் எண் கொடுத்து கிரேடு போட்ட கார்டே அதுதான், 8 போட்டார்கள். 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரங்களை வெட்டியதாக, ஒருகாலத்தில் அதை வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு வல்லுநர் கண்ணையே தாண்டிப் போயிருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு ஓரத்தின் மேல் இவ்வளவு சந்தேகம்.

நேர்மையான கார்டுக்கும் இதில் ஒரு ஆபத்து உண்டு. தொழிற்சாலையிலேயே குட்டையாக வெட்டுப்பட்ட கார்டு, வெட்டிய அடையாளம் இல்லாவிட்டாலும் குறைந்தபட்ச அளவு இல்லை என்று திரும்பி வரலாம். அனுப்பும் முன் அதே வரிசையின் சாதாரணக் கார்டு ஒன்றின் மேல் வைத்து ஓரம் சேர்கிறதா என்று பாருங்கள்.

ஆன்லைனில் ‘நியர் மின்ட்’ என்று போட்டு விற்கிறார்கள். வாங்கி அனுப்பினால் 9 வருமா?
– வாசகர், திருச்சி

வரும் என்று எண்ணி விலை கொடுக்காதீர்கள். போகிமான் போல வைத்து விளையாடும் கார்டுகள் விற்கும் கடைகளில் நியர் மின்ட், லைட்லி பிளேயிட், மாடரேட்லி பிளேயிட், ஹெவிலி பிளேயிட், டேமேஜ்டு என்று ஐந்து தட்டு. அந்த நியர் மின்ட் ஒரு அகலமான தட்டு. இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டு உள்ளதும் அதற்குள்தான் வரும். ஐரோப்பியக் கடைகளில் தட்டுகளின் பெயரே வேறு; அங்கே ‘குட்’ என்றால் நன்றாக அடிபட்டது என்று பொருள். பின்பக்கப் படம், நான்கு மூலைகளின் கிட்டப் படம், சாய்த்த வெளிச்சத்தில் ஒரு வீடியோ, மூன்றும் கேளுங்கள். கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள். ஃப்ளீர் ஜோர்டன் மாதிரிப் போலி மலிந்த கார்டு என்றால் உறையில்லாமல் வாங்கவே வேண்டாம். வாங்கித்தான் ஆவேன் என்றால் லூப்பில் எழுத்துகளையும் கறுப்புக் கோடுகளையும் பாருங்கள். அசலில் அவை இடைவெளியில்லாத மையில், கெட்டியாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

தாத்தா கொழும்பில் சேர்த்த 1930களின் பிளேயர்ஸ் சிகரெட் கிரிக்கெட் கார்டுகள். ஆல்பத்தில் ஒட்டியிருக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமா?
– வாசகர், லண்டன்

ஆல்பம் முழுமையாக இருந்தால் பிரிக்காமல் ஆல்பமாகவே வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் அதைத்தான் சொல்வோம். அந்தக் காலத்து பிளேயர்ஸ் வரிசைகள் பெரும்பாலும் 50 கார்டு. அளவு சுமார் 36க்கு 67 மி.மீ. 1930களின் பிற்பகுதியில் வந்த சிலவற்றின் பின்பக்கத்தில் கம்பெனியே பசை தடவிக் கொடுத்தது, ஆல்பத்தில் ஒட்டத்தான். ஒட்டிய கார்டைப் பிரித்தால் பின்பக்கத் தாள் கிழிந்து ஆல்பத்தோடு போகும். முன்பக்கம் 7 மாதிரி இருந்தாலும் பின்பக்கத் தாள் போன கார்டு கிரேடில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஊறவைத்தால் பசை இளகும், கூடவே மேல் மையின் மினுமினுப்பும் போகும். ஒட்டாமல் தனியாகக் கிடக்கிற கார்டு ஆல்பத்துக்குள் இருந்தால் அதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

எப்படிப் பார்சல் கட்டுவது? போன முறை வழியிலேயே ஒரு மூலை மடிந்துவிட்டது.
– வாசகர், பினாங்கு

டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அதிலிருந்து கார்டை வெளியே இழுக்கும்போதே மூலை அடிபடும். புது மெல்லிய ஸ்லீவ், அதற்கு மேல் ‘கார்டு சேவர் 1’ என்கிற வளைந்து கொடுக்கும் உறை. கிரேடிங் கம்பெனிகள் கேட்பது இதைத்தான். ஸ்லீவின் வாயில் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை வால் மாதிரி ஒட்டிவிட்டால் அங்கே பிடித்து இழுக்க வசதி. ஸ்லீவில் கார்டை நுழைக்கும்போது ஸ்லீவின் வாயை இரு பக்கமும் லேசாக அழுத்தி அகட்டுங்கள். மூலைகள் அதிகம் மடிவது அந்த நேரத்தில்தான்.

படிவத்தில் எழுதிய வரிசையிலேயே கார்டுகளை அடுக்கி, உறையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ரப்பர் பேண்டு போடுங்கள். பேண்டு அட்டையைப் பிடித்தால் போதும், கார்டு உறையை இறுக்கக் கூடாது. மேலே பபிள் ராப், பிறகு பெட்டி. பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் அடைப்பு இருக்கட்டும். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. செலோ டேப் கார்டு உறையைத் தொட வேண்டாம்.

8 வந்த உறையை உடைத்து மறுபடி அனுப்பினால் 9 வருமா?
– வாசகர், சிட்னி

சில நேரம் வரும். கிரேடு போடுவது மனிதக் கண், இன்றைக்கு 8 என்றது இன்னொரு நாள் 9 ஆகலாம். 7 ஆகவும் ஆகலாம்; மாற்றம் செய்தது என்று திரும்பவும் வரலாம். உறையை உடைக்காமலே மறுபரிசீலனைக்கு அனுப்பும் வழி பி.எஸ்.ஏ.விடம் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். அதற்கும் முன்னால் உறைக்கு மேலேயே லூப்பும் விளக்கும் பிடித்து நான்கு விஷயத்தையும் மறுபடி ஓட்டுங்கள். சென்டரிங் 60/40க்குள், மூலைகளில் வெள்ளை இல்லை, பரப்பில் பள்ளம் இல்லை என்றால் மட்டும் பணம் செலவழியுங்கள். ஒரே ஒரு குறையை நீங்களே விரல் வைத்துக் காட்ட முடிந்தால் 8ஐ ஏற்றுக்கொள்ளுங்கள்.

உடைக்கத்தான் வேண்டும் என்றால் லேபிள் இருக்கும் மேல் மூலையை இடுக்கியால் கடித்து விரிசல் விடுங்கள். கார்டு இருக்கும் பக்கம் கருவி போக வேண்டாம். பிளவு வந்ததும் கையால் மெல்லப் பிரியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பழைய லேபிளைக் குப்பையில் போடாமல் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால், எந்தக் கிரேடில் எத்தனை கார்டு என்று அவர்கள் வைத்திருக்கும் எண்ணிக்கைப் பட்டியலில் உங்கள் ஒரே கார்டு இரண்டாக நிற்கும், அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் விலை கணக்கிடுவார்.